ஐந்து நரம்புகள்

தைப்பிங் என்றேன்.
தாம்பரமா என்றார் டிக்கெட் கொடுப்பவர்.
எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே
வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தது.
தலையை எந்தப் பக்கம் ஆட்டினேனோ,
பதினைந்து ரூபாய்ச் சீட்டு கைக்கு வந்துவிட்டது.
பலகையில் அதற்குக் கீழ் வரியில்
வெளிநாட்டவருக்கு இருநூற்றைம்பது.

வேப்பேரியில் கால்நடை மருத்துவம், இரண்டாம் ஆண்டு.
மாடு குதிரை நாய் என்று எலும்புகளை உருப்போட்டு
விடுதிச் சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயைக்கூட
எத்தனையாவது விலா என்று பார்க்கிற நிலைமை.
ஞாயிறானால் எழும்பூருக்கு நடந்துவிடுவேன்.
எல்லோரும் வெண்கலச் சிலைகளைப் பார்க்கப் போவார்கள்.
நான் திமிங்கிலத்துக்கு.

எந்தக் கடலில் பிறந்ததோ,
மேற்கே எங்கோ ஒரு கரையில் ஒதுங்கியதாம்.
சதையெல்லாம் போய் இப்போது
ஒரு கூடம் முழுக்க எலும்பு.
முதுகெலும்பை எண்ண ஆரம்பிப்பேன்.
முப்பதைத் தாண்டும்போது
'கொஞ்சம் நகருங்கக்கா, செல்ஃபி' என்பான் யாரோ ஒரு தம்பி.
மறுபடி ஒன்றிலிருந்து.

அறைத்தோழி பிரிசில்லாவுக்குத் தூத்துக்குடி.
முதல் நாள் காலை அவளிடம்
'பசியாறியாச்சா?' என்று கேட்டேன்.
எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பதுதான்.
பஞ்சத்தில் அடிபட்டு வந்தவளைக்
கேட்பதுபோல் இருக்கிறதாம்.
சிரித்துப் புரையேறி, இட்லி மூக்கில்.
செமஸ்டர் முடிவதற்குள் மாடி முழுக்கப் பரவி
வார்டன்கூடப் படிக்கட்டில் மறித்து,
'என்னம்மா, பசியாறியாச்சா?'

சூளையில் ஒரு பரோட்டாக் கடை.
கேட்காமலே சால்னாவைத் தலையில் ஊற்றிவிட்டார்கள்.
எங்களுக்கு அது தனிக் கிண்ணத்தில் வரவேண்டும்,
தொட்டுக்கொள்வது நம் இஷ்டம்.
ஊறிய பரோட்டா வேறு பிராணி.
இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.
மூன்றாம் நாள் என் குரல்தான்,
'இன்னும் ஊத்துங்கண்ணே.'

நாலாவது ஞாயிறு மனசு கேட்கவில்லை.
அண்ணே, நான் மலேசியா என்றேன்.
கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை.
'பாஸ்போர்ட்?'
ரூமில் இருக்கிறது.
'பாஸ்போர்ட் இல்லாம ஃபாரினர் டிக்கெட் தர முடியாதும்மா.
சில்லறையா பதினைஞ்சு குடு.'

கொடுத்தேன்.
திமிங்கிலத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.
அன்று எண்ணவில்லை.
அந்த வாய்க்குள் ஒரு நாக்கு இருந்திருக்கும்,
யானைக்கன்று எடை.
எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அது இல்லை.

நரம்பில்லாத நாக்கு என்று
சும்மா சொல்லிவிடுகிறார்கள்.
ஐந்து நரம்பு.
தேர்வில் எழுதிப் பத்துக்கு ஏழு வாங்கியிருக்கிறேன்.
சூட்டுக்கு ஒன்று, ருசிக்கு இரண்டு,
அடித்தொண்டைப் பக்கம் விழுங்குகிற இடத்தில் ஒன்று,
புரட்டிப் பேச ஒன்று.
தாம்பரமா என்று கேட்டபோது
சும்மா படுத்துக் கிடந்தது
அந்தக் கடைசி நரம்புதான்.

சாயந்திரம் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ.
ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்
கூடவே கொண்டுவந்த சாப்பாடு.
மஞ்சள் நூடுல்ஸை விரலாலேயே உதறி,
கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர்,
ஒரு கை மிளகாய்த்தூள்.
பிரிசில்லாவுக்கும் சேர்த்து
'ரெண்டு தப்பாவ்' என்று வாய் தவறிவிட்டது.
கடைக்காரர் கை நின்றது.
பார்சல், பார்சல் என்று திருத்தினேன்.

பக்கத்தில் முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி,
'எந்த ஊரும்மா?'

தைப்பிங்.
மெதுவாக, இரண்டு தரம் சொன்னேன்.

'அது எங்க, செங்கல்பட்டு தாண்டியா?'

தாண்டித்தான் என்றேன்.
அப்புறம் கடல் வரும், அதையும்.

அவர் தலையாட்டினார்,
வழி தெரிந்துகொண்டவர்போல.
வாழைத்தண்டு சூப் கிண்ணத்தை
என் பக்கம் தள்ளினார் கடைக்காரர்.
ஊதாமல் குடித்துவிட்டேன்.
முதல் நரம்பு போச்சு.